கண்ணும் கறவையும்

(செய்யூரில் மாடு வளர்ப்போரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கால்நடைகளுக்குப் படும் கண்ணேறு பற்றிப் பேசச் சொன்னார்கள். இதற்குச் செய்யூரைப் போலத் தோதான ஊர் வேறு கிடைக்காது. இங்கே கந்தசாமி கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் 27 வேதாளங்கள் காவல் நிற்கின்றன. ஊரைத் தாண்டினால் உப்பளம். சுற்றிப்போட உப்பும் இருக்கிறது, காவலுக்கு வேதாளமும் இருக்கிறது. இருந்தும் மாட்டுக்குக் கண் பட்டுவிட்டது என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை.

நான் தொழிலால் கால்நடை மருத்துவன். சித்தாமூர், பவுஞ்சூர், சூணாம்பேடு, கடப்பாக்கம் என்று இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் குனிந்து நுழைந்தே வயதானவன். பெரும்பாலும் நான் போய்ச் சேர்வதற்குள் திருஷ்டி சுற்றி முடித்திருப்பார்கள். அடுப்பில் மிளகாய்க் காம்பு கருகிக் கிடக்கும். சுற்றியவரை நான் கேலி பேசியதில்லை, இன்றும் பேசப்போவதில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடு வளர்த்த நம் பெரியவர்கள் கண்டதெல்லாம் சரி. கண்டதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் பிசகு. கண்டதை வைத்துக்கொள்வோம், காரணத்தை மாற்றிக்கொள்வோம். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் வழக்கங்கள். உங்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆனாலும் வரிசையாகச் சொன்னால் ஒரு கணக்கு தென்படும். பசு கன்று போட்டதும் கொட்டகை வாசலில் சாக்கு தொங்கும். மாட்டைத் தெருப்பக்கம் மடி தெரியாதபடி கட்டுவார்கள். விழுந்த நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, பழைய சாக்கில் முடிந்து, ஆலமரக் கிளையில் கட்டிவிட்டு வருவார்கள். ஆலமரத்தில் பால் வடிகிற மாதிரி மடியிலும் வடியட்டும் என்று. மாட்டின் கழுத்தில் கறுப்புக் கயிறு, சோழி, சங்கு. வாசல் உத்தரத்தில் படிகாரம், ஆகாயக் கருடன் கிழங்கு, வேரோடு தலைகீழாகத் தொங்கும் சோற்றுக்கற்றாழை. சில வீடுகளில் ஒற்றைச் செருப்பு. விளக்கு வைத்த பிறகு அண்டை வீட்டார் கேட்டாலும் பால், தயிர், உப்பு வெளியே போகாது.

மாடு தீனி எடுக்கவில்லை, அசைபோடவில்லை என்றால் உப்பு, மிளகாய், கடுகு, முச்சந்தி மண். தலையிலிருந்து வால்வரை சுற்றி அடுப்பில் போட வேண்டும். நெடி அடித்தால் ஒன்றுமில்லை. நெடியே இல்லையென்றால் கண் பட்டது உறுதி. அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்பது அடுத்த கேள்வி. அதைப் பிறகு பார்ப்போம்.

எல்லாவற்றிலும் சுவையானது பால் கணக்கு. வழியில் போகிறவர் கேட்பார், “மாடு நல்லா இருக்கே, எத்தினி லிட்டர் கறக்குது?” வேளைக்கு 8 லிட்டர் கறக்கிற மாட்டுக்காரர் சொல்வார், “எங்க கறக்குது, ஏதோ வீட்டு டீக்கு ஆவுது.” கேட்டவரும் அதை நம்பமாட்டார். அவர் வீட்டு மாட்டுக்கும் அவர் அதே பதில்தான் வைத்திருக்கிறார்.

குழந்தைக்குக் கண் படாமலிருக்க நம்மவர்கள் மாட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள். பாகவதத்தில் பூதனை வந்துபோன பிறகு, கோபியர் குழந்தைக் கண்ணனைச் சுற்றிப் பசுவின் வாலை வீசிக் காப்புச் செய்கிறார்கள். பெரியாழ்வார் அந்தி நேரத்தில் கண்ணனைக் காப்பிட்டுக்கொள்ள வரும்படி அழைத்து ஒரு பதிகமே பாடியிருக்கிறார். குழந்தைக்குப் பசுவின் வால் காப்பு. அந்தப் பசுவுக்கே கண் பட்டால்? அதற்குத்தான் மேலே சொன்ன கயிறும் கிழங்கும் செருப்பும்.

இதெல்லாம் நம் நாட்டுக் கிராமத்து அறியாமை என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களை அயர்லாந்து வரை அழைத்துப்போக ஆசை. மழையும் புல்லும் நிறைந்த சின்னத் தீவு. நெல்லும் கரும்பும் இல்லை. பழைய காலத்தில் பசுதான் சொத்து, வெண்ணெய்தான் ரொக்கம். அங்கே ஒருவர் கொட்டகைக்குள் வந்து மாட்டைப் பார்த்தால், கடவுள் காக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வெறுமனே நல்ல மாடு என்று புகழ்ந்துவிட்டுப் போனால் அவர்மேல் சந்தேகம். வெண்ணெய் கடைகிற வீட்டுக்குள் வந்தவர் ஒரு கை கொடுத்துக் கடைந்துவிட்டுத்தான் போகலாம். கடையாமல் போனால் வெண்ணெயைக் கண்ணோடு எடுத்துக்கொண்டு போகிறார் என்று பொருள்.

அவர்களுக்கு மே மாதம் முதல் நாள் ஆண்டிலேயே ஆபத்தான நாள். அன்று வீட்டிலிருந்து நெருப்போ பாலோ உப்போ வெளியே போகாது. விளக்கு வைத்தபின் நாம் செய்வதை அவர்கள் அன்று நாள் முழுக்கச் செய்தார்கள். பசுவின் வாலில் சிவப்பு நூலும் ஒருவகை மரக்குச்சியும் கட்டுவார்கள். இரண்டு தீக்குவியலுக்கு நடுவே மாடுகளை ஓட்டுவார்கள். நம் பக்கத்தில் சில ஊர்களில் மாட்டுப் பொங்கலன்று வைக்கோலைக் கொளுத்தி, உலக்கையைக் குறுக்கே வைத்து மாட்டைத் தாண்டவிடுகிறோம். மைசூர், மாண்டியா பக்கத்தில் சங்கராந்தி மாலையில் மாடுகளைத் தீயைத் தாண்டி ஓட்டுகிறார்கள். அயர்லாந்துக்காரரும் மாண்டியாக்காரரும் கலந்து பேசி இதைச் செய்யவில்லை. மாட்டை நம்பிப் பிழைத்தவர்களுக்கு ஒரே கவலை, அதனால் ஒரே வழக்கம்.

அயர்லாந்தின் பழங்கதையில் பேலர் என்று ஓர் அரக்கன். அவனுக்கு ஒரு கண் எப்போதும் மூடியே இருக்கும். போர்க்களத்தில் ஆள்கள் சேர்ந்து இமையைத் தூக்கிவிடுவார்கள். அந்தக் கண் விழுந்த படை அழியும். இந்தப் பேலர்தான் வற்றாமல் பால் கறக்கும் ஒரு மாயப் பசுவைத் திருடிக்கொண்டு தன் தீவுக்குப் போனவன் என்று நாட்டுப்புறக் கதை சொல்கிறது. அவன் பேரன் லூ என்பவன் கவண் கல்லால் அந்தக் கண்ணை அடித்து அவனைக் கொன்றான். கண்ணேறுக்குத் தலைவனாக இருந்தவனே மாட்டுத் திருடனாகவும் இருந்தான் பாருங்கள்.

அவர்களுடைய பெரிய வீரகாவியமே கூலி என்ற பகுதியின் எருதைக் கவர நடந்த போரைப் பற்றியது. நம்மிடம் ஆநிரை கவர்வதற்கு வெட்சி, மீட்பதற்குக் கரந்தை என்று இலக்கணமே இருக்கிறது. மாடுபிடிச் சண்டையில் செத்தவர்களின் நடுகற்கள் செங்கம் பக்கம் இன்றும் நிற்கின்றன. மாடு ஓட்டிக்கொண்டு போகக்கூடிய சொத்து. நிலத்தை யாரும் இரவில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஓட்டிக்கொண்டு போகாமலேயே, மடியில் இருக்கிற பால் ஒரே நாளில் காணாமல் போகும் என்பது அதைவிடப் பெரிய பயம். அமெரிக்க நாட்டுப்புறவியல் அறிஞர் ஆலன் டண்டஸ் தம் கட்டுரை ஒன்றில் இதைத்தான் பிடித்தார். கண்ணேறு எங்கே போனாலும் ஈரத்தைத்தான் வற்றவைக்கிறது என்றார். தாய்ப்பால், பசும்பால், பச்சைப் பயிர். நம் ஊர்க்காரர் சொல்வதும் அதுதானே, “நல்லா கறந்த மாடுங்க, கண்ணு பட்டு வத்திப்போச்சு.”

அயர்லாந்துக்காரர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றை ஆசிரியர்கள் முன்னால் சொல்ல வேண்டும். 1935இல் நாட்டுப்புற வழக்காறுகளைத் திரட்ட அரசே ஓர் ஆணையம் அமைத்தது. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 50,000 பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டு வந்தார்கள். மாட்டு வைத்தியம், மே மாத விலக்குகள், வெண்ணெய்த் திருட்டு எல்லாம் அதில் வந்து சேர்ந்தன. நம்மிடம் எட்கர் தர்ஸ்டன் 1912இல் தென்னிந்திய நம்பிக்கைகள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். கிளாரன்ஸ் மலோனி 1976இல் தொகுத்த கண்ணேறு நூலில் தெற்காசியா பற்றித் தாமே எழுதினார். இரண்டும் வெளியார் எழுதியவை. செய்யூர்ப் பிள்ளைகள் தங்கள் ஆயாவிடம் கேட்டு எழுதிய நோட்டு இன்னும் வரவில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கண்ணேறு பற்றி மாடு வளர்ப்பவர்கள் மூன்று விஷயங்களை அடித்துச் சொல்வார்கள். ஒன்று, நல்ல மாட்டுக்குத்தான் கண் படும். இரண்டு, புது ஆள் பார்த்தால் மாடு பால் சுரக்காது. மூன்று, வெளியாள் வந்து போனால் மாட்டுக்கு நோவு வரும். மூன்றும் உண்மை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நல்ல மாட்டுக்குத்தான் கண். நோஞ்சான் மாட்டுக்கு ஏன் கண் படுவதில்லை? ஒரு மழைக்கால இரவில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஜெர்சி கலப்பினம், மூன்றாவது ஈத்து, முந்தின நாள் காலையில் கன்று போட்டிருக்கிறது. காலையில் குடம் நிறையச் சீம்பால். பார்க்காத ஆளில்லை. ராத்திரி மாடு படுத்துவிட்டது, எழவில்லை. கழுத்தை ஒருபக்கமாக வளைத்து, முகத்தை விலாவில் சாய்த்துக்கொண்டிருந்தது. காதைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. சாணி போடவில்லை. அந்த வீட்டு ஆயா சொன்னார், “நேத்து தரகரு வந்து ஏற எறங்கப் பாத்துட்டுப் போனாரு டாக்டரே. பாத்தவரு ஒரு வார்த்த பேசல. அப்பவே நெனச்சேன்.”

இது பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்து போகும். 10 லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 23 கிராம் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வெளியே போகிறது. மாட்டின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடுவதோ 3 கிராம் அளவுதான். எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் ஈடுகட்ட உடம்புக்கு ஓரிரு நாள் பிடிக்கும். அதற்குள் தசை சோர்ந்து மாடு படுத்துவிடும். பால் குறைவாகக் கறக்கிற மாட்டுக்கு இது வருவது அரிது. நிறையக் கறப்பதற்கு, மூன்றாவது ஈத்தோ அதற்கு மேலோ ஆனதற்கு, இனங்களில் ஜெர்சிக்கு, கன்று போட்ட மூன்று நாளுக்குள் வரும். ஊரே வந்து பார்ப்பதும் அந்த மாட்டைத்தான், அந்த மூன்று நாளில்தான். ஆயா கண்டது சரி. தரகர் பார்த்தார், மாடு விழுந்தது. இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்றுதான், அது அத்தனை பால் கொடுத்தது.

கழுத்து நரம்பில் கால்சியம் பாட்டிலை மெதுவாக இறக்கினேன். வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும், ஆகவே இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். பாதி பாட்டில் இறங்கும்போது தோல் துடித்தது. பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. சாணி போட்டது. கொஞ்ச நேரத்தில் பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்று கன்றைத் தேடியது. ஆயா என்னைப் பார்த்துச் சொன்னார், “மருந்து பாதி, நான் சுத்துனது பாதி.” நான் மறுக்கவில்லை. மாடு எழுந்த சந்தோஷத்தில் பங்கு கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் சுற்றியது மட்டும் நடந்து ஊசி வராமல் இருந்திருந்தால் விடிவதற்குள் மாடு போயிருக்கும்.

மடிநோயும் அப்படித்தான். பெரிய மடி, வேகமாகப் பால் இறங்கும் காம்பு, அதிகக் கறவை உள்ள மாட்டைத்தான் அது அதிகம் தேடிவரும். அதில் ஒரு வகை வெளியே தெரியாது. வீக்கம் இருக்காது, சூடு இருக்காது, பால் மட்டும் நாளுக்கு நாள் குறையும். கண்ணேறு என்று சொல்ல இதைவிடச் சரியான வேஷம் இருக்குமா? மடிநோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கறப்பதற்கு முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சை ஒரு கறுப்புத் துணிமேல் விடுங்கள். திரிதிரியாக, தயிர்த்துணுக்கு மாதிரி ஏதாவது நின்றால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. ஒன்றும் தெரியாமலே பால் குறைந்துகொண்டு போனால் பாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், சோதிக்க மருந்து இருக்கிறது. கறுப்புக் கயிறு கட்டும் வீட்டில் ஒரு முழம் கறுப்புத் துணிக்குப் பஞ்சம் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. தஞ்சைப் பகுதியில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி நம் மரபுக் கால்நடை மருத்துவத்தைத் திரட்டிப் பரப்பியவர். மடிநோய்க்கு அவர் பரவலாக்கிய மருந்தைத் தேசியப் பால்வள வாரியமும் எடுத்துக்கொண்டது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் சிவந்த களிம்பாக வரும். மடியைக் கழுவி, தண்ணீரில் கரைத்து, நாளுக்கு எட்டுப் பத்து முறை பூச வேண்டும். இந்த மூன்றையும் நாம் எங்கே பார்த்தோம்? கற்றாழை கொட்டகை வாசலில் தலைகீழாகத் தொங்குகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் ஆரத்தித் தட்டில் சிவந்து கிடக்கின்றன. வாசலில் தொங்குவதையும் தெருவில் கொட்டுவதையும் மடியில் பூசினால் மருந்து. மாட்டுக்குக் காய்ச்சல் கண்டாலோ, பாலில் ரத்தமோ சீழோ வந்தாலோ களிம்போடு நிற்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது விஷயம். புது ஆள் வந்தால் மாடு பாலை மேலே ஏற்றிக்கொள்ளும். இதற்குச் சாட்சி கேட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய் மாமல்லபுரத்தில் இறங்குங்கள். கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி ஒரு கறவைக் காட்சி செதுக்கியிருக்கிறான். ஓர் ஆயர் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்குகிறது. கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கும் பெரிய காட்சிக்குப் பக்கத்தில் பசுவுக்கு எந்தக் கலக்கமும் இல்லை. அந்தச் சிற்பிக்குக் கறவை தெரிந்திருக்கிறது. கன்று பக்கத்தில் இருந்து, பழகிய கை காம்பைத் தொட்டால், மூளையடியில் உள்ள சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்கும். ஒரு நிமிஷத்தில் பால் காம்புக்கு வரும். சில நிமிஷங்களே அதன் வேலை.

மாடு மிரண்டால் அட்ரினலின் வந்து அந்த வேலையைத் தடுத்துவிடும். மடியில் பால் இருக்கும், கைக்கு வராது. 1941இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். கறவைக்கு நிற்கும் பசுவின் முதுகில் ஒரு பூனையை வைத்தார்கள். காகிதப் பைகளை ஊதி ஊதி உடைத்தார்கள். பால் இறங்கவில்லை. பூனைக்கும் காகிதப் பைக்கும் கண்ணேறு கிடையாது. புது ஆளின் குரல், வாசனை, கையில் வைத்திருக்கும் குடை, கூட வந்த நாய், எதுவும் அந்தப் பூனையின் வேலையைச் செய்யும். ஆகவே கறக்கிற நேரத்தில் கொட்டகைக்குள் வெளியாளை விடாத வழக்கம் நல்ல வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள். மடியிலேயே தங்கிய பால் மடிநோய்க்கு வழிவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, வெளியாள் வந்துபோன பின் வரும் நோவு. தரகர் ஒரு நாளில் பல கொட்டகை ஏறி இறங்குவார். எல்லா மாட்டின் வாயையும் பிளந்து பல் பார்ப்பார், மடியைத் தடவுவார். கோமாரி கண்ட மாட்டின் எச்சில் அவர் கையிலும் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வரும். சில நாளில் இங்கேயும் மாட்டின் வாயில் நுரை, குளம்பில் புண். கண்ணால் வந்தது என்கிறோம், காலால் வந்தது.

அயர்லாந்துக்காரர்கள் இதை 2001இல் நாடு முழுக்கக் கற்றுக்கொண்டார்கள். பிரிட்டனில் கோமாரி பரவியது. அயர்லாந்துக் குடியரசில் மார்ச் மாதம் ஒரே ஓர் இடத்தில் வந்தது, லௌத் மாவட்டத்தில். அந்த இடம் நான் முன்பு சொன்ன காவியத்தின் கூலிப் பகுதி. வாசலுக்கு வாசல் கிருமிநாசினி நனைத்த மிதியடி போட்டார்கள். அவர்களுடைய பெரிய திருவிழாவான புனித பாட்ரிக் நாள் கொண்டாட்டத்தையே தள்ளிவைத்தார்கள். ஓரிடத்தோடு நோய் நின்றது. சிவப்பு நூல் கட்டிய பாட்டனின் பேரன், வாசலில் மிதியடி போட்டான். கவலை அதே கவலை. காரணம் தெரிந்ததால் கைவேலை மாறியது.

நம் நாட்டில் 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி இலவசம். கன்று வீச்சு நோய்க்கு, 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஊசி. நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டுகிற வழக்கத்தில் பாதி நன்மை உண்டு. நாய் அதைத் தின்னாது. நாய் வழியாக மாட்டுக்குத் திரும்பிக் கருச்சிதைவை உண்டாக்கும் ஓர் ஒட்டுண்ணி இருப்பது 1990களில்தான் உறுதியானது. ஆனால் மரத்தில் தொங்குவதைக் காக்கை கொத்தும், கீழே சொட்டும். கன்று வீச்சு இருந்தால் தொட்ட மனிதருக்கும் விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். ஆகவே கையுறை போட்டு, சுண்ணாம்பு தூவி, ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். மனசு கேட்கவில்லையென்றால் அந்தக் குழியை ஆலமரத்தடியிலேயே தோண்டுங்கள்.

மூன்றும் உண்மை என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் கண்ணேறு நம்பிக்கையால் என்ன கெடுதல்? இரண்டு கெடுதல்.

முதலாவது, நேரம். நெடி வந்ததா வரவில்லையா என்று பார்த்து, மந்திரித்த கயிறு வாங்கிவந்து, ஓர் இரவு காத்திருந்து, அடுத்த நாள் எங்களைக் கூப்பிடுவார்கள். அதோடு அந்தப் பால் கணக்குப் பொய் எங்களிடமும் வரும். இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம் என்பது பொதுக் கணக்கு. கண் படும் என்று பயந்து 16 லிட்டரை 6 லிட்டர் என்று எங்களிடம் சொன்னால், 6 லிட்டருக்கான தீவனத்தைத்தான் நாங்கள் சொல்வோம். மாடு இளைக்கும். இளைத்ததும் கண் என்பீர்கள். நல்லவேளையாகப் பால் சொசைட்டி வந்தது. அங்கே எல்லார் முன்னாலும் அளந்து அட்டையில் எழுதிவிடுகிறார்கள். ஊர் பார்க்க எழுதியும் சொசைட்டி மாடுகள் கறந்துகொண்டுதான் இருக்கின்றன.

இரண்டாவது கெடுதல் பெரியது. நெடி வராத மிளகாய் ஓர் ஆளைக் கேட்கும். யார் கண்? நம் ஊரில் விரல் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையில்லாத பெண், கணவனை இழந்தவள், மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி. அயர்லாந்தில் மே முதல் நாள் விடியலில் அடுத்தவர் புல்வெளியில் தென்பட்ட கிழவிதான் வெண்ணெய்த் திருடி. அவள் முயலாக மாறிப் பசுவின் மடியில் பால் குடிப்பாள் என்று கதை. முயலைச் சுட்டால், காயத்தோடு அந்தக் கிழவி குடிசையில் கிடப்பாளாம். நம்மவர்கள் அந்த முயலின் இடத்தில் சாரைப்பாம்பை வைத்தார்கள். காலைச் சுற்றிக்கொண்டு சாரை பால் குடிக்கும் என்பார்கள். பாம்பின் வாயால் உறிஞ்ச முடியாது. ஊசிப்பற்கள் காம்பில் பட்டால் மாடு உதறிவிடும். அது வெறும் புளுகு. ஆனாலும் இந்தக் கதையிலாவது பாம்பைப் பழித்ததோடு நின்றதே, அது நம்மவர் செய்த நல்லது. கிழவியைப் பழித்த கதையில் பழி ஓர் ஆள்மேல் விழுந்தது.

பழிக்கப்பட்டவர்களை இரண்டு நாட்டிலும் பாருங்கள். பெரும்பாலும் ஏழைகள், பெண்கள், கொட்டகையில் மாடில்லாதவர்கள். பால் இல்லாத வீட்டுப் பெண் பால் உள்ள வீட்டுக் கொட்டகையைப் பார்த்தாள். அதை ஏக்கம் என்று சொல்லலாம், குற்றம் என்று சொல்லக் கூடாது. ஒருத்தி கண்ணால் மாடு செத்தது என்று சொன்ன பிறகு அந்தத் தெருவில் அவளுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. நான் பார்த்த கண்ணேறுகளில் மாட்டைக் கொன்றது ஒன்றுகூட இல்லை. மனிதரை ஒதுக்கியவை உண்டு.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கறுப்புக் கயிறு கட்டுங்கள், கொம்புக்கு வண்ணம் அடியுங்கள், மாட்டுப் பொங்கலுக்குத் தீ தாண்டவிடுங்கள். அது மாட்டின்மேல் உங்களுக்கு உள்ள அன்பு. சுற்றிப்போடும் உப்பைத் தவிட்டிலும் போடுங்கள். நாளுக்கு 30 கிராம் உப்பும், சொசைட்டியில் கிடைக்கும் தாது உப்புக் கலவையும் கறவை மாட்டுக்கு வேண்டும். கறக்கும் நேரத்தில் வெளியாள் வேண்டாம். தரகர் வந்தால் கைகால் கழுவச் சொல்லுங்கள். மருத்துவரிடம் பால் கணக்கை உள்ளபடி சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டுக் கொடுங்கள். வீட்டில் மாட்டுக்கு என்னென்ன செய்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். அதில் மருந்து எது, வழக்கம் எது என்று நாங்கள் வந்து பிரித்துச் சொல்கிறோம்.

கடைசியாக, மாடு படுத்துவிட்டால் யார் கண் என்று யாரையும் கேட்காதீர்கள், யார் பேரையும் சொல்லாதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்குக் கட்டணமில்லாத எண் 1962. முதலில் அந்த எண்ணை அழுத்துங்கள். வண்டி வருவதற்குள் சுற்றிப்போட நேரம் இருக்கும்.